பெரிய சக்கரமும் பொய்ச் சுளுக்கும்

எங்கள் பிக்கப் வண்டியின் நாலு டயரும் ஒரே மாதத்தில் மொட்டையாகிவிட்டன. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வீடு சந்தவாசலில் இருந்தாலும் பிழைப்பு முழுக்க ஜவ்வாது மலைமேல்தான். வண்டிக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்று வைத்திருக்கிறோம். அதன்மேல் சாமை உரிக்கும் மெஷின், பக்கத்தில் அதை ஓட்டும் டீசல் என்ஜின். மலையில் சாமை விளைவிக்கிறவர்கள் உமி நீக்குவதற்காக மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டியதில்லை. மில்லே அவர்கள் களத்துக்குப் போய்விடும். மெஷினைப் பார்த்துக்கொள்வது என் கணவர். வண்டி ஓட்டுவது நான்.

அவருக்கும் லைசென்ஸ் உண்டு. சமவெளியில் நன்றாகவே ஓட்டுவார். ஆனால் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு பின்னால் வரச் சொன்னால் வண்டி ஒரு பக்கம் போகும், ட்ரெய்லர் இன்னொரு பக்கம் போகும், அவர் இரண்டையும் மாறி மாறித் திட்டுவார். தொழில் தொடங்கிய முதல் மாதமே ட்ரெய்லரை ஒரு புளியமரத்தில் கொண்டுபோய்ச் சாத்தினார். அன்றைக்கு எதுவும் பேசாமல் இறங்கி வந்து சாவியை என் கையில் கொடுத்தார். அதன்பிறகு அவர் இடம் ஜன்னலோரம், என் இடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

டயர் மாற்ற வேண்டும் என்றதும் அவருக்கு ஒரு குஷி பிறந்தது. போனில் எங்கிருந்தோ வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தார். ஆளுயரச் சக்கரம் போட்ட பிக்கப் வண்டிகள் சேற்றில் குதிப்பதும், ஆற்றில் இறங்கி மறுகரை ஏறுவதும், பாறைமேல் நின்று இளைப்பாறுவதும். சாப்பிடும்போது என் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக் காட்டுவார்.

"பாரு, எப்டி கீது? வண்டின்னா இப்டி இருக்கணும்."

"அதுக்குப் பின்னால மில்லு மாட்டியிருக்கா?"

"உனக்கு எப்பவும் மில்லுதான்."

ஒரு திங்கட்கிழமை செங்கம் போய்ட்டு வர்றேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது பின்னால் இரண்டு ஆடு ஏற்றியிருந்தார். சந்தைக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது ஆடு இல்லை. வண்டி மட்டும் ஏதோ ஏணி வைத்து ஏற வேண்டியதுபோல உயர்ந்து நின்றது. அவருடைய சிநேகிதர் ஒருவர் தன் பெரிய காரிலிருந்து கழற்றிய அலாய் வீல்களாம். டயரும் அதோடு சேர்த்தே. போல்ட் ஓட்டையெல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டதாம். புதியவை எனக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று கருணையோடு பழைய வீல்களையும் பின்னால் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். ஓர் ஆள் அதில் முகம் தெரிகிறதா என்று குனிந்து மீசையை நீவிக்கொண்டார். என் கணவர் கைகட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார், கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பன் நிற்பதுபோல.

நான் உள்ளே போய்த் தையல் டேப்பை எடுத்து வந்தேன். கொஞ்ச நாள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள் நான். அளக்காமல் எதையும் நம்பமாட்டேன். பழைய சக்கரத்தைச் சுற்றி அளந்தேன், எண்பத்தேழு அங்குலம். புதியதைச் சுற்றி அளந்தேன், தொண்ணூற்றொன்பது.

"இன்னா, டயருக்கு ரவிக்கை தைக்கப் போறியா?" என்றார் என் கணவர். தெரு சிரித்தது.

கூட்டம் கலைந்த பிறகு சொன்னேன். "ஒரு சுத்துக்கு ஒரு அடி அதிகமா போவுதுங்க. அந்த ஒரு அடியையும் அதே என்ஜின்தான் இழுக்கணும்."

"அதிகமா போனா நல்லதுதான? சீக்கிரம் போய்டலாம்."

"தரையில சரி. மலையில? ஒவ்வொரு படியும் ஒசரமா வெச்சுக் கட்டுன மாடிப்படி மாதிரி. மூட்டையைத் தூக்கினு ஏறிப் பாருங்க."

"எனக்குக் கால் நீளம்," என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் துடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் மலையேறினோம். பெரிய சக்கரம் வண்டியைத் தூக்கிவிட்டதால் கொக்கியும் இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது. அதனால் ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. நேர்ரோட்டிலேயே அதன் வால் லேசாக ஆடியது, என்னால் கண்ணாடியில் பார்க்க முடிந்தது. முதல் வளைவு வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வழக்கமாக இரண்டாவது கியரில் சாவகாசமாக ஏறுகிற இடத்தில் என்ஜின் முக்கியது. முதல் கியருக்கு மாற்றி, க்ளட்சை அரைகுறையாக மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து, எதிரே பஸ் வருகிறதா என்று பார்த்து முன்னாலேயே வேகம் பிடித்து, எனக்குத் தெரிந்த எல்லா வித்தையையும் செய்து வண்டியை ஏற்றினேன். இரண்டாம் வளைவில் க்ளட்ச் தீய்ந்த வாடை வந்தது. என் முதுகெல்லாம் வேர்வை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "பாத்தியா எப்டி ஏறுது!" என்றார்.

அங்கேயே இறங்கி நடந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அவருக்கு அதற்குள் வேறொரு மகிழ்ச்சி வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தவர், "குரங்கு பாரேன், நம்ம வண்டியப் பாக்கக் கூட்டமா வருது," என்றார். நானும் கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான், இருபது முப்பது குரங்குகள் ரோட்டின் நடுவில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஆனால் ஒன்றுகூடத் தலையை நிமிர்த்தி எங்கள் சக்கரத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கின. மெஷினுக்குள் முந்தின வாரத்துச் சாமை கொஞ்சம் தங்கியிருந்தது. ட்ரெய்லர் பின்னால் சாய்ந்ததில் வாய் திறந்து வழியெல்லாம் சிந்திக்கொண்டே வந்திருக்கிறது. நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் குரங்குகளுக்குக் கையாட்டினார்.

ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்களுக்கு வாடிக்கையாகச் சாமை கொண்டுவரும் அம்மா ஒருத்தி உண்டு. வாய் சும்மா இருக்காது. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"இன்னா மில்லுக்காரம்மா, வண்டி மாப்ள மாதிரி நெஞ்ச நிமித்தினு கீது, மில்லு மட்டும் வயித்து வலிக்காரன் மாதிரி குந்திகினு கீது?"

என் கணவர் காதில் விழாததுபோல மெஷினுக்கு பெல்ட் மாட்டினார். இறங்கும்போது கேட்டேன், என்ஜின் முக்குகிறதே, திருப்பி மாற்றிவிடலாமா என்று. டீசல் சரியில்லை என்றார். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும் என்றார். கடைசியில், "அதான் அழகா ஏறுச்சே," என்றார்.

அங்கேதான் என் தப்பு எனக்குப் புரிந்தது. அது அழகாக ஏறியது என்று அவர் நம்பியதற்குக் காரணம் நான். நான் கஷ்டப்பட்டு ஓட்டி மறைத்ததையெல்லாம் அவர் சக்கரத்தின் பெருமையில் சேர்த்துக்கொண்டிருந்தார். இனி வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை. ஸ்டியரிங்கை அவர் பிடித்தால்தான் சக்கரம் தானே பேசும்.

எனக்குக் கால் சுளுக்கிக்கொண்டது.

மறுநாள் காலையில் வாசல்படி இறங்கும்போது "அய்யோ" என்று உட்கார்ந்தேன். இடது கால் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன், க்ளட்ச் மிதிக்கிற கால். அவர் ஓடி வந்து தூக்கினார். மஞ்சள் அரைத்துச் சூடு பண்ணி அவரே பற்றுப் போட்டார், பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டும் கட்டினார். அவ்வளவு பதவிசாகக் கட்டியதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வந்தது. ரொம்ப இல்லை, கொஞ்சம்தான்.

"இன்னிக்கு ரெண்டு ஊர்ல சாமைய வெச்சுகினு காத்துகினு இருப்பாங்களே," என்று முனகினேன். "நீங்கதான் ஓட்டணும். சக்கரம்தான் நல்லா ஏறுதே."

அவர் முகத்தில் ஒரு கணம் அந்தப் புளியமரம் வந்து போனது. ஆனால் இல்லை என்று சொல்ல வழியில்லை. என்னைக் கைத்தாங்கலாக ஜன்னலோரம் ஏற்றி உட்காரவைத்துவிட்டு அவர் ஸ்டியரிங்குக்குப் போனார்.

முதல் வளைவை எப்படியோ கடந்தார். இரண்டாவதில் வண்டி நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகி, தவ்வித் தவ்விப் போனது. நான் ஜன்னல் வழியே பள்ளத்தாக்கை ரசித்துக்கொண்டிருந்தேன். "காத்து நல்லா கீது இல்ல?" என்றுகூடக் கேட்டேன். அவர் கண் ரோட்டைவிட்டு நகரவில்லை. காதுக்குப் பக்கத்தில் வேர்வை ஓடியது.

மூன்றாவது வளைவில் விளையாட்டு தீர்ந்தது. பாதி திரும்பிய நிலையில் என்ஜின் அணைந்தது. பிரேக்கை மிதித்தார், ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். ஆனாலும் வண்டி சரக்கென்று பின்னால் ஒரு முழம் சரிந்தது. சரிந்த வேகத்தில் ட்ரெய்லர் ஒரு பக்கமாக மடங்கத் தொடங்கியது. பின்னால் போளூர் பக்கத்திலிருந்து வரும் டவுன் பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. கதவைத் திறந்து குதித்து ஓடினேன். ரோட்டோரம் கிடந்த பெரிய கல்லை இரண்டு கையாலும் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு அடியில் திணித்தேன். இன்னொன்றை எடுக்க ஓடினேன். கண்டக்டரும் இறங்கி ஓடி வந்து ட்ரெய்லர் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தார். வண்டி நின்றது.

சாமை மெஷினோடு அவரும் போயிருப்பார் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. இது வேடிக்கைக்குச் செய்கிற காரியம் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அவர் இறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் பாதிப் பேர் இறங்கி நின்றார்கள். அப்போதுதான் எனக்குச் சுளுக்கு ஞாபகம் வந்தது. உடனே நொண்ட ஆரம்பித்தேன். நாலு எட்டு நொண்டியிருப்பேன்.

அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டு எந்தக் கால்ல கீது?" என்றார் மெதுவாக.

குனிந்து பார்த்தேன். கட்டுப் போட்ட இடது கால் நன்றாக ஊன்றி நடந்துகொண்டிருந்தது. ஒன்றும் ஆகாத வலது கால் பாவம் நொண்டிக்கொண்டிருந்தது.

"எக்கா," என்றார் கண்டக்டர், "எந்தக் கால்னு அப்பறம் முடிவு பண்ணிக்கலாம். மொதல்ல வண்டியை எடுங்க, பஸ்ஸு போவணும்."

வேறு வழியில்லை. வேட்டிக் கட்டு அவிழ்ந்து தொங்கும் காலோடு நானே ஏறி, க்ளட்சை மிதித்து, பின்னால் நின்ற நாலைந்து பேர் தள்ள, ட்ரெய்லரை நேராக்கி வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் நிறுத்தினேன். பஸ் எங்களைக் கடந்து போனபோது ஜன்னலுக்கு ஒரு தலையாக நீட்டிப் பார்த்தார்கள். பல பேர் எங்களுக்குத் தெரிந்தவர்கள். அதற்குப் பிறகு இன்றைக்கு வரைக்கும் அந்தப் பஸ்ஸில் நான் ஏறினால் யாராவது ஒருத்தர் கால் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் விடுவதில்லை.

இரண்டு பேரும் ரோட்டோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தோம். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கட்டு அவிழ்ந்த என் காலைப் பார்த்து, "நான் பத்துப் போட்டேனே," என்றார்.

"ஆமா."

"மஞ்சள் சூடு தாங்குதான்னு கேட்டு கேட்டுப் போட்டேன்."

"ஆமாங்க."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னேன். டேப்ப வெச்சு அளந்தே சொன்னேன்."

அவர் கீழே இருந்த பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "ஊர்ல இன்னா சொல்றாங்க தெரியுமா? அவ வண்டி, அவ ஓட்றா, இவன் கூட போறான்னு. இந்த வண்டில நான் பாத்து செஞ்சதுன்னு ஒண்ணாவது இருக்கட்டும்னு நெனச்சேன்."

இத்தனை நாளாக நாங்கள் பேசாமல் விட்ட விஷயம் அது. அவர் மெஷினைக் கழற்றி மாட்டுகிற லாவகம் எனக்கு வராது, பெல்ட் சத்தத்தை வைத்தே எங்கே பழுதென்று சொல்லிவிடுவார். ஆனால் ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படுவது ஸ்டியரிங் மட்டும்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "செங்கம் போவோம். நீங்களே பாத்து டயர் போடுங்க. நான் வாயத் தொறக்கல," என்றேன்.

"தொறக்காம இருந்துருவியா நீ?"

"சத்தியமா."

அன்றைக்கு அங்கேயே திரும்பி, மெதுவாக இறங்கி வீட்டுக்கு வந்தோம். காத்திருந்த இரண்டு ஊருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டோம். மறுநாள் பழைய வீல்களையும் ஏற்றிக்கொண்டு செங்கம். சிநேகிதர் அலாய் வீல்களைத் திருப்பி எடுத்துக்கொண்டார். ஓர் ஆடு திரும்பி வந்தது. இன்னொன்று ஏற்கெனவே ஒரு காதுகுத்தில் விருந்தாகியிருந்தது.

டயர் கடைக்காரர் எங்கள் வயதுக்காரர்தான், வாயைத் திறக்கவே சோம்பல்படுகிற ஆள். பெட்ரோல் பங்க் முதல் சந்தை வரை எல்லோரும் அவரிடம்தான் போவார்கள், வியாபாரத்துக்காகப் பொய் சொல்லக்கூட அவருக்குச் சோம்பல். நான் கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து உதட்டை இறுக்கிக்கொண்டேன். எனக்குப் பதில் தெரியும். கம்பெனி போட்ட அதே அளவு ரிம், அதே உயரம், பாரம் தாங்குகிற கனத்த டயர். நுனி நாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இழுக்கற வண்டிக்கு டயர் வேணும்," என்றார் என் கணவர். "மலைக்கு."

"எவ்ளோ இழுக்குது?"

"மில்லு, என்ஜின், ட்ரெய்லர் சட்டம் எல்லாம் சேத்தா டன்னத் தொடும்."

கடைக்காரர் பழைய டயரின் பக்கவாட்டில் இருந்த எண்களை விரலால் தடவினார். "இருநூத்திப் பதினஞ்சு அகலம். எழுவத்தஞ்சு, அது அகலத்துல நூத்துக்கு எத்தன பங்கு ஒசரம்னு. பதினஞ்சு ரிம்மு. இதேதான். ஒசரத்த மாத்தாத." கொஞ்சம் மூச்சு வாங்கினார், ஒரு வாரத்துப் பேச்சைப் பேசிவிட்ட களைப்பு. "பின்னால இருக்கற நம்பரு பாரம். அது கம்மியா போவக் கூடாது."

"பாரமா? எங்க?"

அவர் காட்டினார். அளவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எண்ணும் ஓர் எழுத்தும். சுவரில் மாட்டியிருந்த அட்டையில் எந்த எண்ணுக்கு எத்தனை கிலோ என்று இருந்தது. என் கணவர் அந்த அட்டையை ஒரு பாட்டுப் புத்தகம் மாதிரி மேலிருந்து கீழே படித்தார். பிறகு ஏதோ தோன்றியதுபோல வெளியே போனார். ட்ரெய்லரையும் கூடவே மாட்டிக்கொண்டு வந்திருந்தோம். அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திப் புழுதியைத் துடைத்து எதையோ படித்தார்.

திரும்பி வந்தவரின் நடையே மாறியிருந்தது.

"எழுவத்து மூணு," என்றார் கடைக்காரரிடம். "எழுவத்து மூணுன்னா?"

கடைக்காரர் அட்டையைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "முந்நூத்தி அறுவத்தஞ்சு கிலோ. சின்ன காரு டயரு."

"ரெண்டு டயருக்கு எழுநூத்தி முப்பது. நாங்க ஏத்தறது ஒரு டன்னு." என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "இந்த ட்ரெய்லர வாங்கும்போது யாரு பாத்து வாங்குனது?"

நான்தான். பெயிண்ட் நன்றாக இருக்கிறதா, கொக்கி கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்தேன். நீளம் அகலமெல்லாம் அளந்தேன். டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. கடைக்காரர் சோம்பலை விட்டு எழுந்து போய்ப் பார்த்தார். டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. உள்ளே விரல் நகத்தை விட்டுக் காட்டினார். "நீங்க இத இழுத்துகினு மலையேறி எறங்குனீங்களா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு முறை என்னைப் பார்த்தார். நான் மலையேறி இறங்கியது ஒருநாள் இரண்டு நாள் இல்லை. இரண்டு வருஷம்.

சத்தியத்தைக் காப்பாற்ற அன்றைக்கு எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. வாயைத் திறக்க ஒன்றுமில்லை.

பிக்கப்புக்குப் பழைய அளவிலேயே நாலு, ட்ரெய்லருக்குப் பாரம் தாங்குகிற மாதிரி புதிதாக இரண்டு, அதற்கேற்ற ரிம், எல்லாவற்றையும் அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்தார். எவ்வளவு காற்று அடைக்க வேண்டும் என்று கேட்டு உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். கொக்கி உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் பாட்டில் ஒன்றை ட்ரெய்லர் சட்டத்தின்மேல் படுக்கவைத்து உள்ளே இருந்த காற்றுக்குமிழ் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். குமிழ் நடுவில் நின்றது. அந்த யோசனையைக் கண்டு நான் உண்மையிலேயே அசந்துபோனேன். அதை முகத்தில் காட்டாமல் இருக்கத்தான் பாடுபட்டேன்.

அடுத்த நாள் மலையேறியபோது நான்தான் ஓட்டினேன். இரண்டாவது கியரில் வண்டி அது பாட்டுக்கு ஏறியது. ட்ரெய்லர் வாலை ஆட்டாமல் பின்னால் வந்தது. பக்கத்தில் இருந்தவர் வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாப் பேச்சையும் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறார் என்று எனக்குத் தெரியும்.

களத்தில் வண்டி நின்றதும் இறங்கினார். மெஷினைத் தொடக்கூட இல்லை. நேராக அந்த வாய்க்காரம்மாவிடம் போய், ட்ரெய்லர் டயர் பக்கம் கூட்டிப்போய், குனியச் சொல்லி எண்ணைக் காட்டினார். எழுபத்து மூன்று என்றால் என்ன, அட்டையில் என்ன போட்டிருக்கிறது, பழைய டயரில் எத்தனை வெடிப்பு, எல்லாம் சொன்னார். என் சுளுக்கையும் விடவில்லை, நடுவில் நொண்டியும் காட்டினார். சரியான காலில்.

அந்த அம்மா மூட்டைமேல் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப ரெண்டு வருசமா எங்க ஊட்டுச் சாமைக்கு உசுரக் குடுத்துதான் வந்துகினு இருந்தீங்களா?" என்றாள்.

"ரெண்டு வருசமா!" என்றார் அவர் சந்தோஷமாக, எனக்குப் பதிலாக.

அதற்குள் இன்னும் மூன்று பேர் சாமை மூட்டையோடு வந்து நின்றார்கள். அவர் அவர்களையும் குனியச் சொன்னார். நான் போய் என்ஜினை ஸ்டார்ட் பண்ணினேன். அந்தச் சத்தத்திலும் அவர் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.